ஒரு பிரச்சினையும் இல்லாத நேரத்தில் நெஞ்சு ஏன் இப்படி ஓடுகிறது? மூச்சுப் பயிற்சி யாருக்காவது நிஜமாகவே கைகொடுத்ததா?

வேளிமலை_நிழல் (ஐப்பசி, செவ்வாய் இரவு 10:40)

முதலில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர்தான். கடைவாய்ப் பல் கூசுகிறது என்று போனேன். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால் மகள் சிரிக்கிறாள். "அம்மா, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஒரு வருஷமா கேட்குது."

வயது 41. தக்கலைப் பக்கம் வீடு, நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 3 வருடம் ஆகிறது. வட்டிக்கு வாங்கிய கடனும் ஓடுகிறது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். அம்மா இரண்டு தடவை விழுந்தபோதும் அவர்தான் போன் செய்தார். அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் சரி, செல்போன் மணி அடித்தால் மாவு பிசைகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. கேஸ் புக்கிங் மெசேஜுக்குக்கூட வயிற்றில் ஒரு பிடி.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நல்ல மழை. அம்மா உறங்குகிறாள், ஆபீஸ் லீவு, ஒரு கவலையும் இல்லை. அந்த நேரம் பார்த்து நெஞ்சு ஓட ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. டென்ஷன் என்று சொன்னால் அதில் பாதிகூட வராது.

மூச்சுப் பயிற்சி செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு வீடியோ பார்த்து ஆழமாக இழுத்து இழுத்து விட்டேன். 3 நிமிடத்தில் தலை சுற்றி, உதடு மரத்துப்போனதுதான் மிச்சம். நான் செய்ததில் தப்பா, இல்லை இதெல்லாம் சும்மாவா?

---

ஆரல்வாய்_காற்று (செவ்வாய் 11:15)

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். கடன், ஆபீஸ், படுக்கையில் அம்மா. இதற்கு மூக்கைப் பிடித்து மூச்சு விட்டால் சரியாகுமா? மூச்சு விட்டால் வட்டி குறையுமா? எங்கள் கம்பெனியிலும் ஆளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு யோகா வகுப்பு வைத்தார்கள். எனக்கு அன்றோடு இதில் நம்பிக்கை போய்விட்டது.

---

கோட்டார்_பிசியோ (புதன் காலை 6:20)

காற்று தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. முதலில் அக்காவின் உதடு ஏன் மரத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

"ஆழமா மூச்சு விடு" என்று சொல்லிக்கொடுப்பதே பாதித் தப்பு. உட்கார்ந்திருக்கிற உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றை உள்ளே வெளியே தள்ளினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் உதடும் விரல் நுனியும் மரமரக்கும். ஏற்கெனவே பயந்த ஆளுக்கு இது வந்தால் ஹார்ட் அட்டாக் என்றே தோன்றும். பயத்தில் இன்னும் வேகமாக இழுப்பார்கள், இன்னும் மரக்கும்.

நம்ம ஊரிலேயே சரியான சொல் இருக்கிறது: பைய. ஆழமாக வேண்டாம், பைய விடுங்கள். அளவு சாதாரணமாகவே இருக்கட்டும், வேகம்தான் குறைய வேண்டும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், வலது கை விரல் இரண்டை வைத்து நாடியைத் தேடுங்கள். கிடைத்ததா? மூக்கால் 4 எண்ணி உள்ளே இழுங்கள். 6 எண்ணி வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் நெருக்கி அடிக்கும், விடும்போது இடைவெளி கூடும். எல்லோருக்கும் விரலில் தெரியாது, இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். மூளையின் அடியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகிற வேகஸ் நரம்பின் வேலை இது. கபால நரம்புகளில் 10ஆவது. மூச்சை வெளியே விடும் நேரம் அது இதயத்துக்கு பிரேக் பிடிக்கிறது. இதயத்தை நேராகப் பார்த்து "மெதுவா ஓடு" என்று நம்மால் சொல்ல முடியாது. மூச்சிடம் சொல்லலாம், அது போய்ச் சொல்லும்.

4 உள்ளே, 6 வெளியே என்றால் ஒரு சுற்று 10 விநாடி. நிமிடத்துக்கு 6. சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். 6 பக்கம் வரும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஒரே தாளத்துக்கு வந்து, அந்த பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சித்தர் மரபுக் கணக்கில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை, அதாவது கால அளவு. 64ஐப் பார்த்து மிரள வேண்டாம், அடக்குவதை விட்டுவிடுங்கள். பிரஷர், இதயக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. 16க்கு 32, அதாவது விடுவது இழுப்பதைவிட நீளம். நமக்கு அது போதும்.

அப்புறம், 2 நிமிடத்தில் நரம்பு மண்டலத்தை ரீசெட் செய்கிறேன் என்று ஓடும் வீடியோக்கள். அப்படி ஒரு பட்டன் உடம்பில் கிடையாது. 3 வருடமாக காதைத் தீட்டி வைத்திருக்கிற உடம்பு அது. ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் நம்பாது. இன்றைக்கு ஆபத்து வரவில்லை, நாளைக்கும் வரவில்லை என்று அதற்குத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். வாரக்கணக்கு வேலை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை. முடிந்தால் ஒரு ஈசிஜி. நெஞ்சு ஓடுவதை எல்லாம் மனசு என்று எழுதிவிடக் கூடாது.

---

குழித்துறை_பாசஞ்சர் (புதன் 8:05, ரயிலில் இருந்து)

வேகமாக மூச்சு விடுகிற பயிற்சியில் நான் பட்ட பாடு. தினமும் திருவனந்தபுரம் போய்வருகிற ஆள் நான். போன வருடம் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) வார இறுதி வகுப்பு. பாட்டை அலறவிட்டு, இருட்டில் படுக்க வைத்து, முக்கால் மணி நேரம் வேகமாக மூச்சு. கைவிரல் எல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கொண்டது. பயந்து எழுந்தால், "உள்ளே இருக்கிறது வெளியே வருது, விடாதீங்க" என்கிறார்கள். கோட்டார்_பிசியோ எழுதியதைப் படித்த பிறகுதான் வெளியே வந்தது கார்பன் டை ஆக்சைடு என்று புரிகிறது.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். பாறசாலையில் ரயில் நிற்கும்போது மூக்கால் ஒரு மூச்சு, அது முடிவதற்குள் மேலே இன்னொரு சின்ன மூச்சு, அப்புறம் வாயால் நீளமாக விடுவது. நாலைந்து தடவை. பக்கத்து சீட்காரர் ஒருநாள், "என்ன தம்பி, வீட்ல பிரச்சினையா?" என்று கேட்டார். பெருமூச்சு மாதிரித்தானே இருக்கும்.

---

கோட்டார்_பிசியோ (புதன் 1:30)

பாசஞ்சர், அது பெருமூச்சேதான். விம்மி விம்மி அழுது முடித்த குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வெட்டாக இழுத்து ஒரே நீளமாக விட்டு, அப்படியே தோளில் சாய்ந்துவிடும். நமக்கும் சுமார் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை தெரியாமலே பெருமூச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. நுரையீரலில் சுருங்கிப்போன காற்றறைகளை அது விரித்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 108 பேரை வைத்து, தினம் 5 நிமிடம் என ஒரு மாதம் செய்து பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். மூன்று வகை மூச்சுப் பயிற்சி, கூடவே தியானம். நாலுமே கவலையைக் கொஞ்சம் குறைத்தன. மனநிலை கூடுதலாக மேம்பட்டது இந்தப் பெருமூச்சுக் குழுவுக்கு.

---

சின்னத்துறை_கரை (புதன் இரவு 9:10)

வேளிமலை அக்கா, நான் கடற்கரைக்காரி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் தூத்தூர் பக்கத்துக் கரைகளில் அந்த வாரத்தைப் பற்றி யாரிடமும் விளக்க வேண்டாம். எங்கள் வீட்டு ஆள் 9ஆவது நாள் திரும்பி வந்தார். எதிர் வீட்டு ஆள் வரவில்லை. இன்றைக்கும் ராத்திரி காற்று ஓலையைத் தூக்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அவர் கரையில், என் பக்கத்தில்தான் படுத்திருப்பார். இருந்தும் எழுந்துவிடுவேன்.

ஒரு முகாமில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினால் எனக்குக் கடல்தான் வரும். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு அப்புறம் ஒரு சிஸ்டர் சொன்னது: கண்ணைத் திற, கால் இரண்டையும் தரையில் வை, கண்ணில் படுகிற 5 பொருளுக்குப் பெயர் சொல். குடம், பாய், வலை, செருப்பு, காலண்டர். அப்புறம் மூச்சைப் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு உதவியது செபமாலைதான். பக்திக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் சாயங்காலம் 7 மணிக்கு. ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை ஒருவர் சொல்வார், "புனித மரியே" என்று மற்றவர்கள் எடுப்போம். நம் பாதியை ஒரே மூச்சில் சொல்லி முடிப்போம், அவர் சொல்லும்போது மூச்சு உள்ளே வரும். இப்படி 53 மணி உருட்டுவோம். முடியும்போது தோள் இறங்கியிருக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன், செபமாலை முடிந்த உடனே எனக்குக் கொட்டாவி வருகிறது. ஒக்கிக்கு முன்னால் எனக்குக் கொட்டாவி என்பது சாதாரணம், அப்புறம் வருடக்கணக்காகவே இல்லை.

---

கோட்டார்_பிசியோ (புதன் 10:25)

கரை அக்கா, உங்களுக்குத் தெரியாமலே ஒரு ஆய்வை எழுதிவிட்டீர்கள். இத்தாலியில் 23 பேரை வைத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள், அப்புறம் "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற பௌத்த மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற கணக்குக்குத் தானாக இறங்கியது. எண்ணவும் வேண்டாம், மூச்சைக் கவனிக்கவும் வேண்டாம். சொல்லிக்கொண்டு போனாலே நடக்கிறது. தமிழில் சுற்று கொஞ்சம் நீளலாம்.

மூச்சைக் கவனித்தால் வெப்ராளம் கூடுகிறவர்களுக்கு இதுதான் வழி என்று சொல்வேன். பாராயணம், தேவாரம், முஸ்லிம்கள் சொல்லும் திக்ர், குழந்தைக்குத் தாலாட்டு, எதுவானாலும் சரி.

---

ஆரல்வாய்_காற்று (வியாழன் 7:00)

சரி, உடம்பில் ஏதோ நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால்?

---

பால்வெட்டு (வியாழன் 11:40)

காற்று அண்ணே, குலசேகரத்துக்கு வாங்க, மரத்தைக் காட்டித் தருகிறேன்.

அப்பா 30 வருடமாக ரப்பர் வெட்டுகிறார். விடியும் முன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார். விலை ஏறும்போது ஆசைப்பட்டுத் தினமும் வெட்டுகிறவர்களும் உண்டு. கொஞ்ச காலம் பால் வரும். அப்புறம் ஒருநாள் கத்தி வைத்தால் பட்டை பழுப்பாக, காய்ந்து இருக்கும், சொட்டுக்கூட வராது. மலையாளத்துக்காரர்கள் பட்டமரப்பு என்பார்கள். மரம் சாகவில்லை, இலை பச்சையாகத்தான் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் உரம் போட்டோ மருந்து பூசியோ பெரிய பலன் இல்லை. வெட்டை நிறுத்தி மரத்தைச் சும்மா விட வேண்டும். அப்படி விட்டும் பால் திரும்பாத மரங்கள் உண்டு.

வேளிமலை அக்காவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வெட்டு, எத்தனை நாள் ஓய்வு என்று யாரும் கேட்கவில்லையே. 3 வருடமாக 7 நாளும் வெட்டுதான். கூடப்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

---

மட்டுறுத்துநர் (வியாழன் 12:10)

பொதுவாக ஒன்று. நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக்கொட்டுவது என்றால் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கக் கூடாது, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போகிறவர்களை யாரும் பைத்தியம் என்று இங்கே எழுதினால் அந்தப் பதிவு நீக்கப்படும்.

---

தேன்பெட்டி (வியாழன் இரவு 8:50)

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறேன், 60 பெட்டி. மூச்சைப் பற்றி என் வாத்தியார்கள் தேனீக்கள்தான்.

பெட்டி திறக்கும்போது தேனடை இருக்கிற சட்டத்தின் மேல் மூச்சு படக்கூடாது. நம்முடைய வெளிமூச்சு பட்டால் கூட்டைத் தாக்க யாரோ வந்துவிட்டார்கள் என்று அதுகள் கிளம்பிவிடும். பதறிப்போய்த் திறந்தால் புஸ் புஸ் என்று மேலேதான் மூச்சு விடுவோம், கையும் வெடுக்கென்று ஆடும், கொட்டு நிச்சயம். அதனால் மூடியைத் தூக்கும் முன் ஒரு நிமிடம் பக்கத்தில் சும்மா நிற்பேன். முகத்தை ஒருபக்கம் திருப்பி, மூச்சைப் பைய, நீளமாக விடுவேன். 15 வருடப் பழக்கம். இப்போது மகன் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தாலும் முகம் தானாகத் திரும்பி, மூச்சு நீளமாகிவிடுகிறது. மகனுக்கு அது கோபமா பொறுமையா என்று இன்றுவரை புரியவில்லை.

யோகாவில் பிராமரி என்கிறார்களே, அது இந்த வண்டுச் சத்தம்தான். வாயை மூடி "ம்ம்ம்" என்று ரீங்காரம். மூச்சை இழுத்துக்கொண்டே ரீங்காரம் போட்டால் சரியாக வராது, செய்து பாருங்கள். அதனால் விடும் மூச்சு தானாக நீண்டுவிடும். எண்ணிக்கையும் வேண்டாம், கண்ணையும் மூட வேண்டாம்.

---

வேளிமலை_நிழல் (திங்கள் இரவு 10:15)

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை செய்தேன். தைராய்டு சரி, சர்க்கரை சரி, ஈசிஜி சரி. ஹீமோகுளோபின் 9.2. இந்த அளவில் படி ஏறினாலே நெஞ்சு ஓடும் என்றார் டாக்டர். நான் 3 வருடமாக மனசு, மனசு என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இரும்புச் சத்து மாத்திரை 3 மாதத்துக்கு. கூடவே கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடிக்காதே என்று சொல்லிவிட்டார், சாப்பாட்டோடு சாயா குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாதாம். அதுதான் பெரிய தண்டனை.

பால்வெட்டு தம்பி, அண்ணன் ஒருவன் இருக்கிறான், கருங்கல்லில். உங்கள் பதிவை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை.

---

வேளிமலை_நிழல் (மாசி, ஞாயிறு மதியம் 3:20)

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள், என்ன ஆயிற்று என்று.

ஹீமோகுளோபின் 11.8. நெஞ்சு ஓட்டத்தில் பாதி அதோடு போயிற்று. மீதிப் பாதிக்குத்தான் மூச்சு. காலையில் 5 நிமிடம், 4க்கு 6, பால் காயும் நேரத்தில். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, சலிப்புதான். பால் இரண்டு தடவை பொங்கியது. மூன்றாவது வாரம் ஒருநாள் ஆபீஸில் போன் அடித்தது, எடுத்துப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன், கை கால்குலேட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நிற்கவில்லை. பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள், எனக்குப் பெரியது.

எல்லா நாளும் இப்படி இல்லை. கார்த்திகையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மொத்தமும் பழையபடி ஆயிற்று, பல்லும் நறநறத்தது. பல் டாக்டர் ஒரு உறை செய்து தந்திருக்கிறார், ராத்திரி போட்டுக்கொள்கிறேன்.

அம்மாவோடு சேர்ந்து ரீங்காரமும் செய்கிறோம். பேச்சு குழறினாலும் "ம்ம்ம்" மட்டும் அவளுக்கு சுத்தமாக வருகிறது. என்னைவிட அதிக நேரம் நீட்டுவாள். ஜெயித்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள்.

அண்ணன் விஷயம். நாலாவது நாள் போன் வந்தது. "நான் உன்கிட்ட கேட்டேனா, நீ சமாளிக்கலைன்னு எப்பவாவது சொன்னியா?" என்று சண்டைதான் முதலில். அவன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதே இல்லை. இப்போது இரண்டாவது, நாலாவது ஞாயிறு அம்மா அவன் வீட்டில். இன்றைக்கு நாலாவது ஞாயிறு. வீட்டில் சத்தமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

---

ஆரல்வாய்_காற்று (ஞாயிறு 3:50)

ஆக மாத்திரை பாதி, அண்ணன் கால், மூச்சு கால். இந்தக் கணக்கு எனக்குச் சம்மதம். வட்டி?

---

வேளிமலை_நிழல் (ஞாயிறு 3:58)

வட்டி அப்படியே இருக்கிறது தம்பி. இப்போது இஎம்ஐ மெசேஜ் வந்தால் முதலில் நீளமாக ஒரு மூச்சு விடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன்.

---

தேன்பெட்டி (ஞாயிறு 4:30)

சும்மா இருக்கிறீர்கள் என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரப்பர் தளிர் விட்டிருக்கிறது, தேன் எடுப்பு நடக்கிறது. பெட்டி பக்கத்தில் நிற்கிற அந்த ஒரு நிமிடத்தை நேரில் பார்க்கலாம். சென்ட் பூசிக்கொண்டு மட்டும் வர வேண்டாம். கட்டன் சாயா உண்டு, சாப்பாட்டோடு இல்லை.